சிவாவா குட்டி வாங்கும் முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் பதினொரு வருடமாக சிவாவா வளர்கிறது. இப்போது மூன்று. மெக்சிகோவில் உள்ள ஒரு மாநிலத்தின் பெயரைத்தான் இந்த நாய்க்கும் வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் சிஹுவாஹுவா, எங்கள் மீன்காரம்மாவுக்கு வெறும் சிவா. குட்டி வாங்குவது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு, கேட்டவர் ஊர்ப் பெயரைப் போட்டு, மொத்தமாக இங்கே பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அடிபட்டுக் கற்றுக்கொண்டவள்.

உச்சிப்புளி: அக்கா, ஆன்லைனில் ஒரு ‘டீகப் சிவாவா’ படம் பார்த்தேன். 12,000 ரூபாயாம். பாதி அட்வான்ஸ் போட்டால் ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. டீகப் என்று ஒரு வகையே கிடையாது. வளர்ந்த சிவாவாவே மூன்று கிலோவுக்குள்தான் இருக்கும். அதிலும் சின்னது என்று விற்கிறார்கள் என்றால் அது நோஞ்சான் குட்டியாக இருக்கும், இல்லையென்றால் வயதைக் கூட்டிச் சொல்லி விற்கிற பச்சைக் குட்டியாக இருக்கும்.

என் முதல் குட்டி அப்படித்தான் வந்தது. கத்தரிக்காய்க் கூடையில் வைக்கோல் போட்டு, ஆம்னி பஸ் டிக்கியில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு மாதம் முடிந்துவிட்டது என்று சத்தியம் பண்ணினார் விற்றவர். வாயைத் திறந்து பார்த்தால் முன்பல் அப்போதுதான் அரிசி முனை அளவுக்கு எட்டிப் பார்க்கிறது. எட்டு வாரக் குட்டிக்குப் பால்பல் வரிசையாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் விடிகாலையில் துவண்டு கிடந்தது, ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. விற்றவருக்கு போன் போட்டேன், எடுக்கவே இல்லை.

உங்கள் ஆளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: “இப்பவே வீடியோ கால் போடுங்க, தாயையும் குட்டியையும் சேர்த்துக் காட்டுங்க.” நாளைக்குக் காட்டுகிறேன், தாய் ஊரில் இருக்கிறது, நெட் இல்லை என்று இழுத்தால் அதுதான் பதில்.

பரமக்குடி: நல்ல பிரீடர் (நாயை இனப்பெருக்கம் செய்து குட்டி விற்பவர்) என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சும்மா சொல்லவில்லை. நேரில் போங்கள், தாய் நாய் இருக்கும் இடத்துக்கே போங்கள். புது ஆளைப் பார்த்துக் குரைக்கட்டும், அது சிவாவாவின் பிறப்புரிமை. கொஞ்ச நேரத்தில் அடங்கி, வந்து மோந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வராமல் நடுங்கிக்கொண்டே கிடந்தாலோ, பிரீடர் கைபட்டாலே பதறினாலோ, அந்தக் குணம் குட்டிக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். தகப்பன் நாய் அங்கே இல்லையென்றால் அது குற்றமில்லை, பலர் வெளியில் கொண்டுபோய்த்தான் இணை சேர்ப்பார்கள்.

அப்புறம் சட்டம். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசின் 2017 விதிகள் இருக்கின்றன. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்துதான். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், இது எத்தனையாவது ஈற்று என்று கேளுங்கள். நல்லவர் கோபப்பட மாட்டார்.

எனக்கு இன்னொரு அளவுகோல் உண்டு. அவர் உங்களை எத்தனை கேள்வி கேட்கிறார்? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பெரிய நாய் இருக்கிறதா, மாடி வீடா என்று துருவினால் நிம்மதியாக உட்காருங்கள். இப்போது எங்களிடம் இருக்கும் பெரியவளைக் கொடுத்தவர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். பெண் கேட்டுப் போன மாதிரி இருந்தது. ஒரே ஷெட்டில் பக், ஷிட்சூ, பாமரேனியன், சிவாவா என்று பத்து ஜாதி வைத்திருப்பவரிடம் இந்தப் பேச்சே எழாது. எது வேண்டும், எவ்வளவுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ராமேஸ்வரம்: கேசிஐ பேப்பர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்தே வாங்குங்கள். சென்னையில் இருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் அந்தச் சான்று பரம்பரையைச் சொல்லும், உடம்பைச் சொல்லாது. குட்டிக்கு மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் எண் சில்லு) போட்டிருந்தால், டாக்டரிடம் ஸ்கேனர் வைத்துப் பார்த்து, எண்ணும் பேப்பரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். “பேப்பர் அப்புறம் கூரியரில் வரும்” என்றால் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி: நேரில் போனால் குட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தூக்காதீர்கள். தரையில் விட்டு நடக்க விடுங்கள். நாலு எட்டு ஒழுங்காக வைத்து, ஒரு பின்னங்காலை மட்டும் தூக்கி இரண்டு எட்டு துள்ளி, மறுபடி ஒன்றும் நடக்காத மாதிரி ஓடினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது முழங்கால் சில்லு விலகுவதாக இருக்கலாம். இந்த இனத்தில் சகஜம், பெற்றோருக்கு முழங்காலைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் தரையில் உட்கார்ந்து மடியில் எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டை விலக்கினால் ஈறு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தால் குடல் புழுவாக இருக்கலாம். உச்சந்தலையில் விரல் நுனியால் மெல்லத் தடவினால் சில குட்டிகளுக்கு ஒரு மெத்தென்ற பள்ளம் தட்டுப்படும். மொலேரா என்பார்கள், கைக்குழந்தையின் உச்சிக்குழி மாதிரி. சிறியதாக இருந்தால் சிவாவாவுக்கு அது இயல்பு, பயப்பட வேண்டாம். பள்ளம் பெரிதாக, தலை உப்பி, கண்கள் வெளிப்பக்கம் பார்த்து, குட்டி மந்தமாகவும் இருந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். டாக்டர் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பாம்பன்: ஆப்பிள் தலையா, மான் தலையா?

உருண்டைத் தலை என்றால் ஆப்பிள், முகம் நீண்டிருந்தால் மான். கண்காட்சிக்குப் போவதென்றால் ஆப்பிள் தலை. வீட்டுக்கு என்றால் ஆரோக்கியமான தலை.

கீழக்கரை: பிள்ளைகளுக்கு நாலு வயசும் ஆறு வயசும். அவங்க வாப்பா துபாயிலிருந்து வரும்போது வாங்கித் தரலாம்னு இருக்கோம்.

இரண்டு மூன்று வருடம் பொறுக்கலாம் அக்கா. இதன் முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்தான். பிள்ளையின் இடுப்பு உயரத்திலிருந்து நழுவினாலே ஒடிந்துவிடும். எங்கள் மூன்று நாய்களில் நடுவுள்ளவன் சோபாவிலிருந்து குதித்தே மாவுக்கட்டு போட்டுக்கொண்டான். வாங்கியே தீருவீர்கள் என்றால் வீட்டில் ஒரே சட்டம்: பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் குட்டி மடிக்கு வரும்.

தங்கச்சிமடம்: கடலுக்கு நூறடியில் வீடு. இந்த வெயிலும் காத்தும் தாங்குமா?

குளிரைவிட வெயில் அதற்குப் பிடிக்கும். மதிய மணல்தான் ஆகாது. புறங்கையை மணலில் வைத்து ஐந்து எண்ண முடியவில்லை என்றால் இறக்காதீர்கள்.

எனக்குப் பெரிய பயம் பேத்தை மீன். வலையிலிருந்து கழித்துப் போடுவது கரையில் உப்பிக் கிடக்கும், காய்ந்தாலும் விஷம் போகாது. கயிறில்லாமல் கரைக்குக் கூட்டிப் போகவே கூடாது. கயிறும் கழுத்துப்பட்டையில் வேண்டாம், இதன் மூச்சுக்குழாய் மெல்லியது, மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். கருவாட்டு உப்பும் ஆகாது. மீன் இறங்கும் இடத்தில் பருந்து வட்டமிடும். முக்கால் கிலோ குட்டியை அது தூக்குமா தூக்காதா என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டாம். உண்ணி மருந்தை எடை போட்டுப் பார்த்து டாக்டர்தான் தர வேண்டும். பெரிய நாய்க்கு வாங்கியதில் பாதி விடுவது கொலை.

தேவிபட்டினம்: குட்டி வெள்ளிக்கிழமை வருகிறது. முதல் வாரம் எப்படிச் சமாளிப்பது?

பசி தாங்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு வேளை தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், சுருண்டுவிடும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், ராத்திரி படுக்கும் முன்னும் ஒரு வாய். முதல் வாரம் பிரீடர் கொடுத்த அதே தீனிதான். துவண்டால் தேனையோ கெட்டியான சீனித் தண்ணீரையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். தொண்டையில் ஊற்றினால் புரையேறும். துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். 16 வாரம் வரைக்கும் வரிசையாக ஊசி உண்டு, அதுவரை தெரு மண்ணில் விடாதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் இந்த உடம்பு தாங்காது.

முதுகுளத்தூர்: நம்ம ஊரு நாட்டு இனம் மண்டை நாய் இருக்க, இந்த எலிக்குட்டி எதுக்குத்தா?

அண்ணே, தோட்டமும் ஆடும் இருந்தால் நானும் மண்டைதான் வளர்ப்பேன். எனக்கு இருப்பது இரண்டு அறை வாடகை வீடு.

ஏர்வாடி: உங்கள் வீட்டுக் குட்டி ஒன்று கிடைக்குமா அக்கா?

கிடையாது. பெரியவள் ஒரே ஒரு தடவை ஈன்றாள், அதுவும் இரண்டே குட்டி. தலை பெரிது, இடுப்பு சிறிது, வெளியே வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கார் பிடித்து மதுரை போய் சிசேரியன் செய்தோம். குட்டி ஏன் மலிவாகக் கிடைக்காது என்பது அந்த பில்லைப் பார்த்தபோது புரிந்தது. இரண்டும் சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கின்றன, அவளுக்குக் கருத்தடை செய்துவிட்டோம்.