மொட்டைப்பனையும் கூரை ஆந்தையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முள்ளியவளையில் எங்கள் பேரனார் கட்டிய ஓட்டு வீட்டைத் திருத்தத் தொடங்கியிருக்கிறோம். போரில் முன்பக்கக் கூரை போய்விட்டது. பின்பக்கம் பழைய வளையோடும் ஓட்டோடும் அப்படியே நிற்கிறது. வளவில் வேம்பும் பாலையும் ஏழெட்டுப் பனைகளும் உண்டு. பனைகளில் மூன்று தலையிழந்தவை. விடியற்காலையில் விறாந்தையில் இருந்து புலுனிகளையும் மாம்பழக்குருவிகளையும் பார்ப்பதுதான் இந்தத் தூசிக்கு நடுவே எங்களுக்குக் கிடைக்கும் ஆறுதல். மேசனோ, முதலில் வளவை வெளியாக்கி, மொட்டைப்பனைகளை வெட்டி, வேலிக்குப் பதிலாகச் சுற்றிவர மதில் எழுப்ப வேண்டும் என்கிறார். கூரைக்குள் இருக்கும் ஆந்தையைக் கலைத்துவிடும்படி மாமி நெருக்குகிறார். எதை விடலாம், எதை எடுக்கலாம்?

பதில்: மேசனுக்கு உண்மையில் தேவைப்படுவது மணலும் கல்லும் பறிக்க ஓரிடமும், உழவு இயந்திரம் வந்துபோக ஒரு பாதையும்தான். படலைக்கு அருகில் ஒரு மூலையை அதற்கென ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் மிகுதி வளவில் அவருக்கு அலுவல் இல்லை. மரங்களின் அடியில் சீமெந்துக் கலவை குழைப்பதற்கும், சட்டிகள் கழுவிய நீரை அங்கே ஊற்றுவதற்கும் இடம் கொடுக்க வேண்டாம். சீமெந்தின் காரம் வேரைத் தாக்கும், மரம் மெல்லப் பட்டுப்போன பிறகுதான் காரணம் தெரியவரும்.

வேலையின் ஒழுங்கைப் பருவத்தோடு பொருத்துவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நம் பகுதியின் சிறு பறவைகளில் பல மாசி, பங்குனியில் கூடு கட்டத் தொடங்கி ஆனி வரை குஞ்சு வளர்ப்பதிலேயே இருக்கும். ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும் என்பதால், பழைய ஓட்டைக் கழற்றி, சிலாகை மாற்றி, மீண்டும் வேய்வதற்கு ஆடி தொடக்கம் புரட்டாதி நடுப்பகுதி வரையான காலமே பொருத்தமானது. சோளகம் அடிக்கும் நாட்களில் கூரையில் நிற்பது சிரமம் என்று ஓடாவியார் முறையிடுவார். அது நியாயமான முறைப்பாடுதான், ஆனால் காற்று ஓய்ந்திருக்கும் காலை வேளைகளில் வேலையைப் பிடித்துக்கொள்ளலாம். சுவர்ப்பூச்சு, தளம், கிணற்றுக்கட்டு, கதவு யன்னல் ஆகியவற்றை அதற்கு முந்திய மாதங்களில் முடித்துக்கொள்ளுங்கள். சுவரிலுள்ள பழைய துவாரங்களை அடைக்குமுன் ஒவ்வொன்றையும் சில நிமிடங்கள் தள்ளி நின்று பாருங்கள். வாயில் புழுவோடு ஒரு குருவி உள்ளே போனால் அந்தத் துவாரத்தை மட்டும் இரண்டு, மூன்று கிழமைகளுக்கு விட்டுவைப்பதால் வீடு கெட்டுவிடாது.

ஆந்தையைப் பற்றி மாமிக்கு மறுமொழி சொல்வது உங்கள் பாடு, என்றாலும் என் கருத்தை ஒளிக்கவில்லை. இதய வடிவில் வெள்ளை முகமும் மங்கிய பொன்னிற முதுகும் உள்ள பறவை என்றால் அது கூகை வகை ஆந்தை. நெல்வயலும் களஞ்சியமும் உள்ள ஊரில் எலிகளை இரவிரவாகப் பிடித்துத் தின்னும் ஒன்றைச் சாவின் தூதுவனாக நாம் பார்த்து வருவது அதற்குச் செய்யும் அநியாயம். சட்டமும் அதன் பக்கம்தான்: 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையின் பெரும்பாலான காட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. கூகை ஆண்டின் எந்தப் பருவத்திலும் முட்டையிடக்கூடியது. அடைகாக்க ஒரு மாதமளவும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதமளவும் செல்லும். கூரையிலிருந்து இரவில் சீறுவது போன்ற சத்தம் கேட்டால் அங்கே குஞ்சு இருக்கிறது என்று கொள்ளுங்கள். அது பறக்கும்வரை பின்பக்கக் கூரையைத் தொடாமல், ஓடு இல்லாத முன்பக்கத்தை முதலில் முடியுங்கள். குஞ்சு இல்லையென்பது உறுதியானால், இரண்டடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உயரமும் கொண்ட பலகைப் பெட்டி ஒன்றை, ஆறு அங்குல வாயில் விட்டு, வேம்பின் உயரமான கிளையில் முன்கூட்டியே கட்டி வையுங்கள். பறவை வேட்டைக்குப் போன பின்னர் இரவில் கூரைத் துவாரத்தை அடைக்கலாம். புதுப் பெட்டிக்கு அது உடனே வரும் என்று வாக்குத் தர முடியாது. ஆனால் ஒன்று: வீட்டில் எலிப்பாஷாணம் வைப்பதை நிறுத்துங்கள். நஞ்சு தின்ற எலியை ஆந்தை தின்றால் அந்த நஞ்சு ஆந்தையையும் கொல்லும்.

மொட்டைப்பனைகளை வெட்டுவதற்கு நான் உடன்படேன். பட்ட மரத்தில் மரங்கொத்தி பொந்து குடையும். அது விட்டுப்போன பொந்தில் கிளியும் மைனாவும் குடியேறும். (நம் வடபகுதி மரங்கொத்திக்கு முதுகு பொன்னிறம், தெற்கில் சிவப்பு, கொழும்பிலிருந்து வரும் உறவினருக்குக் காட்டிப் பாருங்கள்.) பனைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் பனையின் உயரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் நிற்கட்டும். குறைவாக இருந்தால் அடியோடு தறிக்காமல், விழுந்தாலும் வீட்டை எட்டாத உயரத்தில் மேற்பகுதியை மட்டும் அரிந்து இறக்கலாம். உயிரோடு நிற்கும் பனைகளில் காவோலைகள் முழுவதையும் இழுத்துவிட வேண்டாம்; தொங்கும் ஓலையின் உட்புறத்தில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் சிறு உழவாரன் குருவிக்கு வேறிடம் இல்லை.

மதில் தெருப்பக்கத்துக்குப் போதும். மற்றப் பக்கங்களில் கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை நாட்டுங்கள். இலையுதிர்ந்த முள்முருக்கு சிவக்கப் பூக்கும்போது தேன்சிட்டும் மைனாவும் காகமும் ஒரே கிளையில் மொய்ப்பதை விறாந்தையில் இருந்தே பார்க்கலாம். பாம்புப் பயத்துக்காக வளவு முழுவதையும் மொட்டையாக்குவதில் பொருளில்லை: வீட்டைச் சுற்றிப் பதினைந்து அடிக்கு முற்றத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்து, பழைய ஓட்டுக் குவியலையும் மரத்துண்டுகளையும் சுவரோரம் அடுக்காமல் இருந்தால் புடையனுக்கு ஒதுங்க இடம் குறைவு. பின்வளவுப் பற்றை நெடுங்காலம் மனிதர் போகாத இடமென்றால், நீங்களாக மண்வெட்டியோடு இறங்க வேண்டாம். போர்க்கால வெடிபொருள் போலச் சந்தேகமான எதையும் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

கேள்வி: விறாந்தையில் தொங்கும் பழைய மின்வயரில் தேன்சிட்டு கூடு கட்டியுள்ளது. வயர் மாற்ற ஆள் வந்து நிற்கிறார். கூட்டை மரத்துக்கு மாற்றிக் கட்டலாமா? (மாங்குளம் வாசகர்)

பதில்: வேண்டாம். இடம் மாறிய கூட்டைத் தாய் பெரும்பாலும் கைவிட்டுவிடும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு வெளியேற ஏறக்குறைய ஐந்து கிழமை. அதுவரை அந்த வயருக்கு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மற்ற அறைகளின் வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு வேலை நடக்கும்போதும் குருவிகள் வரவேண்டும் என்று சோறும் வாழைப்பழமும் வைக்கிறேன். காகமும் குரங்கும்தான் வருகின்றன. (கிளிநொச்சி வாசகி)

பதில்: புது ஓட்டின்மேல் குரங்குக் கூட்டத்தை நீங்களே அழைத்திருக்கிறீர்கள்! உணவை நிறுத்தி, தண்ணீரை வையுங்கள்; வன்னியின் கோடையில் சோற்றைவிட அதற்குத்தான் பறவைகள் அலைகின்றன. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண்சட்டி போதும். பூனை பதுங்க முடியாத வெளியில், மரநிழல் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றும்போது சட்டியின் உட்புறத்தைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை சட்டி காய்ந்தாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். பழந்தின்னும் குருவிகளுக்கு ஒரு கறிவேப்பிலை மரத்தைக் கிளை வெட்டாமல் பழுக்க விடுங்கள். கொண்டைக்குருவியும் குயிலும் அதைத் தேடி வரும்.