பத்துக் கட்டமும் நிரம்ப வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் (Common App), பாடத்துக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளை எழுத 10 கட்டம் இருக்கிறது என்பதற்காக, நான்கே செயல்பாடு உள்ள உங்கள் மகள் பதினோராம் வகுப்பில் புதிதாக ஆறு கிளப்பில் சேரத் தேவையில்லை. 10 என்பது உச்ச வரம்புதான். அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் சொந்த விண்ணப்பத்தில் கேட்பதே நான்குதான்.

வீட்டில் செய்வதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். தம்பியைப் பார்த்துக்கொள்வது, பாட்டிக்குத் துணையிருப்பது எல்லாம் சேரும். குடும்பப் பொறுப்புகளுக்குத் தனி வகையே உண்டு.

ஒவ்வொன்றிலும் என்ன செய்தாள் என்று 150 எழுத்துக்குள் எழுதச் சொல்லுங்கள். 'உறுப்பினர்' என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லையா, அதை எடுத்துவிடலாம். மூன்று வருடமாக நூலகத்தில் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுகிறாளே, அதுவே முதலில் வரட்டும். அருமையான விஷயம் அது.

அப்புறம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: 20 இடம், விவரிப்புக்கு 350 எழுத்து. காமன் ஆப்பில் எழுதியதை அப்படியே அங்கே ஒட்டாதீர்கள்.