டாரோ அட்டை: நீங்கள் கேட்டவை

டாரோ என்ற பலன் பார்க்கும் படச் சீட்டுக்கட்டைப் பற்றிக் கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களைப் போடவில்லை. மொரிஷியஸ் சின்ன ஊர், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அக்கா, டாரோ எகிப்துக் கோயில் பூசாரிகளின் ரகசியம் என்று ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்தேன். நிஜமா? (கியூர்பிப்)

இல்லை தம்பி. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா பக்கத்துப் பிரபுக்கள் வீட்டில் விளையாடிய சீட்டு அது. எகிப்துக் கதையை 1781இல் கிளப்பிவிட்டவர் கூர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்திய எழுத்தின் புதிரை ஷாம்போலியோன் அவிழ்த்ததே 1822இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே இவருக்கு ரகசியம் தெரிந்துவிட்டதாம்! கதை சுவையாக இருந்தது, ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் பாரிசில் எத்தெய்யா என்பவர் இதைக் குறிசொல்லும் தொழிலாகவே ஆக்கிவிட்டார்.

மாமனார் ரெயூனியனிலிருந்து கொண்டுவந்த டாரோ கட்டு வீட்டில் இருக்கிறது. அதில் இஸ்பேடு, ஆட்டின் எல்லாம் இருக்கின்றன. அதை வைத்துக் கற்றுக்கொள்ளலாமா? (கத்ர் போர்ன்)

அது விளையாடுகிற கட்டு. மாமனாரோடு உட்கார்ந்து ஆடுங்கள், நல்ல ஆட்டம். பலன் பார்க்கும் கட்டிலும் 78 அட்டைதான், ஆனால் படங்கள் வேறு. முட்டாளில் தொடங்கி உலகம் வரை 22 பெரிய அட்டைகள். மீதி 56 சின்ன அட்டைகள்: கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு இனம், இனத்துக்குப் பதினான்கு.

நம் ஊரில் பிரெஞ்சு வழியாகத் தெரிந்தது மார்செய் கட்டு. அதில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள் வரைந்திருக்கும், அவ்வளவுதான். 1909இல் லண்டனில் வந்த ரைடர் கட்டில் சின்ன அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி உண்டு. பதிப்பித்த ரைடரின் பெயரும் யோசனை சொன்ன வெய்ட்டின் பெயரும் கட்டோடு நிலைத்துவிட்டன. அத்தனையையும் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் பெயரை ரொம்ப காலம் யாரும் சேர்க்கவே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவர் வரைந்ததையே வாங்குங்கள்.

கிளி ஜோசியம் மாதிரி ஒரு சீட்டை எடுத்துப் பலன் சொல்வதுதானே? இதில் படிக்க என்ன இருக்கிறது? (போர்ட் லூயிஸ்)

கிளி எடுப்பது ஒரு சீட்டு, அதற்கான பலனும் ஏற்கெனவே முடிவானது. டாரோவில் ஓர் அட்டை பக்கத்து அட்டையோடு சேர்ந்துதான் பேசும். ஒரு உதாரணம் சொல்கிறேன். கிராண்ட் பே ஓட்டலில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, "வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகலாமா?" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "போவதென்றால் நான் எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேள்வியை முதலில் மாற்றச் சொல்வேன். ஆம், இல்லை கேள்விக்கு நாணயத்தைச் சுண்டினாலே போதுமே.

கலைத்து மூன்று அட்டை: இதுவரை, இப்போது, இனி. முதலில் ஐந்து கோப்பை. கறுப்புப் போர்வை போர்த்த ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்தே நிற்கின்றன, அவற்றை அவர் பார்க்கவில்லை. கையேட்டில் "இழப்பு" என்று போட்டிருக்கும். நான் அதைச் சொல்லமாட்டேன். "உனக்குக் கவிழ்ந்தது எது, பின்னால் நிற்கிற இரண்டு எது?" என்று கேட்பேன். அப்புறம் அவளே பேசுவாள்.

நடுவில் முட்டாள். மலை விளிம்பில் சின்ன மூட்டையோடு, முகத்தை மேலே தூக்கியபடி நடக்கிறான். காலடியில் நாய் துள்ளுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் தரையைப் பார்க்கிறார், இன்னொருவன் வானத்தைப் பார்க்கிறான். வழியை யாருமே பார்க்கவில்லை! மூன்றாவது எட்டு நாணயம்: பட்டறைக்காரன் ஒருவன் கையில் உள்ள நாணயத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் செதுக்குகிறான். ஆக, அவளோடு பேச வேண்டியது கட்டணம், விண்ணப்பம், சேமிப்பு பற்றி. போகலாமா கூடாதா என்பது அவள் பாடு.

அட்டையில் இருப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். எழுபத்தெட்டு அர்த்தத்தை மனப்பாடம் செய்வதைவிட அது பலன் தரும். பத்து அட்டை வைக்கும் கெல்டிக் சிலுவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தலைகீழாக வந்தால்?

தடை, தாமதம் என்று படிப்பவர்கள் உண்டு. நேராக்கி வைத்துப் படிப்பவர்களும் உண்டு. எதுவானாலும் கலைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அட்டையைப் பார்த்த பிறகு கட்சி மாறக்கூடாது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூன்று அட்டை எடுத்தேன், மரணம் என்ற அட்டை வந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. (மாய்பூர்)

தங்கச்சி, முதலில் கட்டை மூடி அலமாரியில் வையுங்கள். 78இல் மூன்று எடுத்தால் சராசரியாக இருபத்தாறு தடவைக்கு ஒரு தடவை அந்த அட்டை வரும். அம்மா நலமாக இருந்தாலும் வரும். அதைப் படிப்பவர்களும் சாவு என்று படிப்பதில்லை, ஒரு கட்டம் முடிகிறது என்றுதான் படிக்கிறார்கள். உடம்பு விஷயத்துக்கு நான் அட்டை எடுப்பதே இல்லை. உங்கள் கேள்விக்கு ஆள் டாக்டர். இன்றே போய்க் கேளுங்கள்.

டாரோ பார்க்கும் ஒருவர், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், எடுக்கப் பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். செய்வினை என்று ஓர் அட்டையே கட்டில் கிடையாது. முதலில் பயம், அப்புறம் பரிகாரம், அப்புறம் இன்னும் கொஞ்சம் பணம் என்று அது நீண்டுகொண்டே போகும். எழுந்து வந்துவிடுங்கள்.

இது லொங்கானிஸ், அதாவது சூனியம் என்று மாமியார் திட்டுகிறார். காவடி விரதத்தில் தொடலாமா? (ரோஸ் ஹில்)

யாருக்கும் எதுவும் வைப்பதில்லை, எடுப்பதுமில்லை, இதில் லொங்கானிஸ் எங்கே வந்தது? மாமியாரையே கூப்பிட்டுப் படங்களைக் காட்டுங்கள். விரதத்துக்கென்று டாரோவில் விதி இல்லை. நான் அந்தப் பத்து நாளும் தொடுவதில்லை, அது என் பழக்கம். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு தொட வேண்டிய பொருள் இல்லை அது.

உண்மையைச் சொல்லுங்கள், எதிர்காலம் தெரியுமா?

தெரியாது. 1948இல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்து, தனித்தனியாக எழுதியது என்று சொன்னார். "எனக்கு அப்படியே பொருந்துகிறது" என்று பெரும்பாலோர் மதிப்பெண் போட்டார்கள். "உங்களுக்குள் ஒரு கவலை இருக்கிறது" என்று நான் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? அதனால்தான் நான் சொல்வதைக் குறைத்து, கேட்பதைக் கூட்டிக்கொள்கிறேன்.

முதல் கட்டை யாராவது பரிசாகத் தர வேண்டுமாமே?

அப்படிக் காத்திருந்தால் கற்றுக்கொண்ட மாதிரிதான். நீங்களே வாங்குங்கள்.

நீதி அட்டை 8ஆ, 11ஆ? இரண்டு விதமாகவும் பார்த்தேன்.

மார்செய் கட்டில் நீதி 8, வலிமை 11. வெய்ட் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். உங்கள் கையில் இருக்கிற கட்டில் எது போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு.