லேபிளில் யார் பெயர்?

கேள்வி: ராக் அண்ட் ரோல் இசையை உலகுக்குத் தந்தவர் ஆலன் ஃப்ரீட் என்ற அமெரிக்க ரேடியோ டிஜே (இசைத்தட்டுப் போட்டுப் பேசுபவர்) என்று படித்தேன். பாட்டுப் போடுவதற்கு லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டவரும் அவரே என்றும் படித்தேன். லஞ்சம் வாங்கியவரைக் கொண்டாடலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: லஞ்சம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஃப்ரீட் பணம் வாங்கியது உண்மை. 1962ல் நியூயார்க் நீதிமன்றத்தில் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். 300 டாலர் அபராதம் போட்டார்கள். எனக்கு அந்தப் பணத்தின் மேல் பெரிய கோபம் கிடையாது. அவர் வாங்கிய வேறொன்றின் மேல்தான் கோபம். அதைப் பற்றி எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

1955ல் சக் பெர்ரி என்ற கருப்பினப் பாடகர் சிகாகோவில் செஸ் என்ற ரெக்கார்டு கம்பெனிக்காக 'மேபலீன்' பாட்டைப் பதிவு செய்தார். கருப்பின மக்களின் இசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து, வெள்ளை இளைஞர்களையும் கட்டிப்போட்ட பாட்டு. இசைத்தட்டு வெளியானபோது, அதன் நடுவில் ஒட்டும் லேபிளில் எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. பெர்ரி, ஆலன் ஃப்ரீட், ரஸ் ஃபிராட்டோ. ஃபிராட்டோ கம்பெனிக்காரர்களுக்கு வேண்டிய ஒரு வியாபாரி. ஃப்ரீடும் சரி, ஃபிராட்டோவும் சரி, பாட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. தட்டு விற்கும்போதெல்லாம், ரேடியோவில் ஒலிக்கும்போதெல்லாம் எழுதியவருக்கு ராயல்டி, அதாவது உரிமைத்தொகை, உண்டு. அதில் டிஜேவுக்கும் பங்கு கொடுத்துவிட்டால் அவர் அந்தத் தட்டை ஓயாமல் போடுவார். ஃப்ரீடும் அப்படித்தான் போட்டார். தன் பாட்டுக்கு வேறு இரண்டு பேர் கூட்டு என்பதே பெர்ரிக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாட்டு முழுக்க அவர் பெயருக்குத் திரும்பி வந்தது 1986ல். முப்பத்தொரு வருடம்! கையில் வாங்கிய பணம் அன்றோடு செலவாகிவிடும். லேபிளில் ஏறிய பெயர் அடுத்தவன் உழைப்பிலிருந்து வருடா வருடம் எடுத்துக்கொண்டே இருக்கும். இதைத்தான் நான் திருட்டு என்கிறேன்.

ஆனால் ஒரு டிஜேவுக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி நுழைந்தது. ரேடியோவின் நாடகங்கள், நகைச்சுவை நட்சத்திரங்கள், பெரிய விளம்பரதாரர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். காலியான நேரத்தை நிரப்ப மிச்சமிருந்த மலிவான வழி, ஒரு மைக், இரண்டு டர்ன்டேபிள், ஓர் அடுக்கு இசைத்தட்டு, பேசத் தெரிந்த ஒரு ஆள். ராத்திரி நேரத்தில் அந்த ஆள் என்ன போடுகிறார் என்று நிர்வாகம் அதிகம் கவலைப்படவில்லை. வட்டார விளம்பரம் வந்தால் போதும். 1954 கடைசியில் கையடக்க டிரான்சிஸ்டரும் கடைக்கு வந்தது. அப்பா அம்மாவுக்குக் கேட்காமல் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைக் கேட்கலாம் என்றாகிவிட்டது.

இந்த இடத்தில் ஃப்ரீடுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். கிளீவ்லாந்தில் லியோ மின்ட்ஸ் என்பவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து கருப்பினக் கலைஞர்களின் தட்டுகளைத் தேடுவதை முதலில் கவனித்தவர் அவர்தான். அவர் சொல்லித்தான் ஃப்ரீட் 1951ல் அந்தத் தட்டுகளை இரவு நிகழ்ச்சியில் போட ஆரம்பித்தார். 1952 மார்ச் 21 அன்று கிளீவ்லாந்து அரங்கத்தில் இசை நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். சுமார் பத்தாயிரம் பேர் கொள்ளும் இடத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு கூட்டம் வந்து கதவை உடைத்தது. நிகழ்ச்சி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். ராக் அண்ட் ரோலின் முதல் பெரிய கச்சேரி என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கருப்பினப் பாடகர் ஒரு பாட்டைப் பாடினால் வெள்ளைப் பாடகர் ஒருவர் அதையே சாதுவாகப் பாடி, அதிகம் விற்றுவிடுவார். ஃபேட்ஸ் டாமினோ பாட்டை பேட் பூன் பாடி முதலிடம் பிடித்தது அப்படித்தான். அந்த நகல்களைப் போட மாட்டேன், அசலைத்தான் போடுவேன் என்று நின்றவர் ஃப்ரீட். 1957ல் அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃபிராங்கி லைமன் என்ற கருப்பினச் சிறுவன் ஒரு வெள்ளைப் பெண்ணுடன் ஆடியது ஒளிபரப்பானது. தெற்கு மாநிலங்களில் எதிர்ப்புக் கிளம்ப, நிகழ்ச்சியே நின்றுபோனது. இவ்வளவு துணிச்சல் உள்ள மனிதர் சக் பெர்ரியின் பாட்டில் தன் பெயரைப் போட எப்படிச் சம்மதித்தார்? எனக்கு இது ஆறவே இல்லை.

"உலகுக்குத் தந்தவர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் விட முடியாது. ஃப்ரீடுக்கு முன்பே மெம்ஃபிஸில் டபிள்யூடிஐஏ நிலையம் 1948ல் நாட் டி. வில்லியம்ஸ் என்ற கருப்பின ஆசிரியரை மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டது. பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற பி.பி. கிங் அங்கே தட்டுப் போட்டுப் பேசி வளர்ந்தவர்.

நியூ ஆர்லியன்ஸ் கதை இன்னும் கசப்பானது. வெர்னன் வின்ஸ்லோ கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். ரேடியோ வேலைக்கு விண்ணப்பித்தார். கருப்பினத்தவர் என்று தெரிந்ததும் மைக் தர மறுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, வெள்ளைக்கார அறிவிப்பாளருக்குக் கருப்பினத் தெருப்பேச்சைச் சொல்லிக்கொடுக்கும் வேலையைத் தந்தார்கள். என்ன பேச வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது, 'பாப்பா ஸ்டாப்பா' என்ற அந்தப் பாத்திரத்தையே உருவாக்கியது, எல்லாம் வின்ஸ்லோதான். ஒரு நாள் அறிவிப்பாளர் இல்லாத நேரத்தில் தானே மைக்கில் பேசினார். வேலை போய்விட்டது. அவர் படைத்த பெயரை நிலையம் வைத்துக்கொண்டு அடுத்தடுத்து வெள்ளைக்காரர்களுக்குச் சூட்டியது. 1949ல் ஒரு பீர் கம்பெனியின் ஆதரவில்தான் 'டாக்டர் டாடி-ஓ' என்று தன் சொந்தக் குரலில் அவர் பேச முடிந்தது. இவரை உலகுக்கு எதையாவது தந்தவர் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா?

சரி, விசாரணைக்கு வருவோம். 1960ல் ஓரன் ஹாரிஸ் தலைமையில் நாடாளுமன்றக் குழு இந்த லஞ்ச விவகாரத்தைத் தோண்டியது. தொலைக்காட்சியில் பிள்ளைகளை ஆடவைத்துப் புகழ்பெற்ற டிக் கிளார்க், ரெக்கார்டு கம்பெனிகளில் பங்கும் பல பாடல்களின் உரிமையும் வைத்திருந்தார். பங்குகளை விற்றுவிட்டு நல்ல பிள்ளையாக வந்து நின்றார், தப்பித்தார். ஃப்ரீட் பணம் வாங்கவில்லை என்று எழுதித்தர மறுத்ததால் 1959 நவம்பரிலேயே ரேடியோ வேலையை இழந்திருந்தார். 1965ல், 43 வயதில், குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு செத்துப்போனார். சொல்லாமல் பணம் வாங்கிப் பாட்டுப் போடுவது குற்றம் என்று 1960ல் சட்டம் வந்தது. எழுதாதவன் பெயரை லேபிளில் போட்டதைப் பற்றி அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. ஆகவே ஃப்ரீடைக் கொண்டாடுங்கள், தடையில்லை. சக் பெர்ரிக்குச் செய்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கொண்டாடுங்கள்.

பெயர் விஷயத்தில் நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று இந்தப் பக்கத்தைப் பழகியவர்களுக்குத் தெரியும். ஃப்ரீடின் கச்சேரி நடந்த அதே 1952ல் நம் ஊரில் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. ஜனங்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். மயில்வாகனம் போன்றவர்கள் அங்கே தட்டுப் போட்டுப் பேசிய அழகுக்காகவே கேட்டவர்கள் உண்டு. படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதிய கவிஞர் என்று அறிவிப்பாளர் சொல்லக் கேட்டே பாட்டைத் தெரிந்துகொண்ட தலைமுறை ஒன்று இருந்தது. இன்றைய எஃப்.எம். தொகுப்பாளர்கள் போக்குவரத்து நெரிசல் சொல்கிறார்கள், காதல் தோல்விக்கு ஆலோசனை சொல்கிறார்கள், ஆனால் பாட்டை எழுதியவர் பெயரைச் சொல்வதில்லை. கேட்டால் நேரமில்லை என்கிறார்கள். ஒரு கவிஞர் பெயரைச் சொல்ல மூன்று விநாடி போதும்.