மகளுக்கு எந்தச் சட்டக் கல்லூரி?

உசிலம்பட்டி அண்ணே, மகளுக்கு மதுரை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தும், வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒன்று "நூறு சதவீதம் வேலை" என்று சொல்வதால் குழப்பம் என்று எழுதியிருந்தீர்கள். நான் மதுரையைத்தான் சொல்வேன்.

அந்த நூறு எதில் நூறு என்று கேளுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், அதில் வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் பதிந்து, வக்கீலாகத் தொழில் செய்யத் தேவையான அகில இந்திய பார் தேர்விலும் தேறியவர்கள் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள். என் சித்தப்பா மகன் இதைக் கேட்காமல் வேறொரு கல்லூரியில் சேர்ந்து, ஐந்து வருடத்தில் மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை, இன்றும் மனசு வலிக்கிறது. "வகுப்புக்கு வர வேண்டாம்" என்று சொன்னால் அங்கே சேர்க்கவே வேண்டாம், 70 சதவீத வருகை பார் கவுன்சில் விதி.

மதுரையில் +2 மதிப்பெண்ணில்தான் சேர்க்கை, கட்டணமும் குறைவு. அப்புறம் 2004லிருந்து உயர்நீதிமன்றக் கிளை ஒத்தக்கடைப் பக்கமே இருக்கிறது. படிக்கும்போதே நல்ல சீனியர் வக்கீலிடம் போய்வந்து வழக்குக்கட்டு பார்க்கப் பழகினால் அந்தப் பிள்ளை தானாக நிற்கும். வேலைநாளில் ஒருமுறை கல்லூரிக்குப் போய், கடைசி வருட மாணவிகளிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.