உலோகத்தைச் செலவழித்து மந்திரம் செய்யும் உலகம்: விதிகளை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: கற்பனை நாவலுக்காக உலோகங்களை வைத்து ஒரு மந்திர முறை யோசிக்கிறேன். எந்த உலோகத்துக்கு எந்தச் சக்தி கொடுக்கலாம்? எல்லைகளை எப்படி வகுப்பது?

பதில்:

எந்த உலோகத்துக்கு எந்தச் சக்தி என்ற பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இதற்கு இயற்கையிலேயே அருமையான ஒரு விடை இருக்கிறது.

இரும்பு மண்ணில் பெரும்பாலும் துருவின் உறவான தாதுவாகத்தான் கிடக்கிறது. கரியும் துருத்தியும் கொண்டு உலையில் பாடுபட்டுத்தான் அதை இரும்பாக்குகிறார்கள். அங்கே செலவான ஆற்றலில் ஒரு பங்கு இரும்புக்குள் தங்கிவிடுகிறது. அது திரும்பத் துருவாகும்போது வெளியே வருகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்கிற அந்தத் துருப்பிடித்தலை உங்கள் மந்திரவாதி ஒரு மூச்சில் நடத்துகிறான் என்று வையுங்கள். மற்ற கணக்கெல்லாம் தானாக வந்து விழும்.

1 கிராம் இரும்பு முழுதாகத் துருவானால் சுமார் 7.4 கிலோஜூல் கிடைக்கும். 75 கிலோ எடையுள்ள ஓர் ஆளை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். துத்தநாகமும் வெள்ளீயமும் கிராமுக்கு ஏறக்குறைய 5, செம்பு 2.5. வெள்ளியில் 0.15கூடத் தேறாது. தங்கம் துருப்பிடிப்பதே இல்லை, எனவே அதிலிருந்து ஒன்றும் வராது. விலை உயர்ந்த உலோகத்துக்கே பெரிய சக்தி என்ற வழக்கமான கற்பனை இங்கே தலைகீழாகிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்ததே இதுதான். கொல்லன் பட்டறையில் கூட்டித் தள்ளும் அரத்தூளில் வலிமை இருக்கும், அரசனின் கிரீடத்தில் இருக்காது. தங்கத்தை எரிபொருளாக்காமல், மாறாமல் காக்கும் பாத்திரமாக வையுங்கள்: சத்தியம், நினைவு, முத்திரை போன்றவற்றுக்கு.

அலுமினியம் கிராமுக்கு 31 கிலோஜூல் தரும். ஆனால் கரி உலையில் அதைப் பிரிக்க முடியாது. நம் உலகில் மின்சாரத்தால் மலிவாகப் பிரிக்கும் வழி 1886இல்தான் கிடைத்தது. வாளும் குதிரையும் உள்ள உங்கள் உலகில், அழிந்துபோன ஒரு நாகரிகம் விட்டுச்சென்ற துண்டுகளாக மட்டுமே அது இருக்கட்டும். அலுமினியத் தூளையும் இரும்புத் துருவையும் ஒரே பைக்குள் போட்டு வைத்திருக்கும் மந்திரவாதி அந்தப் பையோடு போய்விடுவான். இரண்டும் சேர்ந்து பற்றிக்கொண்டால் 2000 டிகிரிக்கு மேல் போய் இரும்பு உருகி ஓடும்.

இனி எல்லைகள். சக்தி முழுவதும் வேலையாக மாறுவதில்லை. கால் பங்குதான் பயன்படுகிறது, முக்கால் பங்கு வெப்பமாகிறது என்று வையுங்கள். 1 கிராம் இரும்பின் அந்த மீதி வெப்பமே 100 கிராம் நீரை 13 டிகிரி சூடாக்கும். உள்ளங்கையில் 10 கிராமை வைத்து ஒரே முயற்சியில் செலவழித்தால் கை வெந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் உலோகத்தை ஈர மண்பாத்திரத்தில் வைத்து, ஒரு செம்புக் கம்பி வழியாக இழுப்பார்கள்.

காற்றும் வேண்டும். 1 கிராம் இரும்பு துருவாக 0.43 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது, அதாவது ஒன்றரை லிட்டர் காற்றில் இருப்பது. காற்று புக வழியில்லாத மிகச் சிறிய சுரங்க அறைக்குள் ஒரு கிலோவைச் செலவழிப்பவன் எதிரியோடு சேர்ந்து தானும் மூச்சு முட்டுவான். அந்த ஆக்சிஜன் துருவில் சேர்வதால் 1 கிராம் இரும்பு 1.43 கிராமாகிறது. சண்டை முடியும்போது பை கனத்திருக்கும். இந்த ஒரு வரியைக் கதையில் சரியான இடத்தில் வைத்தால் வாசகர் நம்பிவிடுவார்.

வேகத்தைத் தீர்மானிப்பது மேற்பரப்பு. கட்டியாக இருந்தால் மெதுவாகக் கசியும், அரத்தூளாக இருந்தால் சட்டென்று தீரும். மிக நுண்ணிய பொடியாக இருந்தால் தானே பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஈரம் பட்ட தூள் பயன்படுத்தும் முன்பே வீணாகும் என்பதால் எண்ணெயில் ஊறவைத்துச் சுமப்பார்கள்.

கலப்பு உலோகங்களில் கூட்டல் கணக்கு போடாதீர்கள். பித்தளையில் துத்தநாகம்தான் முதலில் கழன்றுபோகும், எஞ்சுவது சிவந்து பஞ்சுபோலான செம்பு. பித்தளைக் கவசத்திலிருந்து சக்தியை உறிஞ்சியவன், அடுத்த அடியில் அது நொறுங்குவதைப் பார்ப்பான்.

செலவான துருவை மீண்டும் உலையிலிட்டு இரும்பாக்கலாம். ஆனால் பழைய முறை உலைக்கு இரும்பின் எடையைப் போலப் பல மடங்கு கரி வேண்டும். ஆயிரம் பேர் கொண்ட மந்திரப்படை ஆளுக்கு 50 கிராம் செலவழித்தால் நாளொன்றுக்கு 50 கிலோ இரும்பு. அப்படியானால் அரசியல் காட்டைச் சுற்றித்தான் நடக்கும், சுரங்கத்தைச் சுற்றி அல்ல.

இதற்குப் பிறகு தனித்தனிச் சக்திகளைப் பிரிப்பது எளிது. உலோகத்தின் குணத்தைப் பின்தொடருங்கள். வெப்பத்தை விரைந்து கடத்தும் செம்புக்குப் பிறர் உணர்வை வாங்கித் தருவது பொருந்தும். வெள்ளீயத்துக்குக் கூர்ந்த செவி கொடுத்தால், அதன் நோயையும் சேர்த்தே கொடுங்கள். தூய வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் மெல்லச் சாம்பல்நிறப் பொடியாக உதிரலாம், கடுங்குளிரில் இன்னும் வேகமாக. உதிர்ந்த பொடி நல்ல கட்டியில் பட்டால் அதற்கும் தொற்றும். ஆகவே குளிர்நாட்டுக் கிடங்குக்குள் ஒற்றன் ஒரு சிட்டிகை பொடியோடு நுழையலாம். பிஸ்மத், ஆன்டிமனி போன்ற வேறொரு தனிமத்தைச் சிறிதளவு கலந்தால் நோய் தடைபடும். அப்படிக் கலந்த வெள்ளீயத்தில் செவி மங்கும் என்றும் விதி வைத்துவிட்டால், கிடங்குக் காவலருக்கும் ஒட்டுக்கேட்பவருக்கும் குளிர்காலம் முழுக்கத் தகராறுதான்.