நாட்டுப்புற மெட்டும் பழைய சிந்தசைசரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாய்மொழியாக வந்த ஒரு தாலாட்டு மெட்டை, 1970களில் வந்த மினிமூக் மாடல் டி சிந்தசைசரில் (மின்னணு விசைப்பலகைக் கருவி) வாசித்துப் பதிவு செய்கிறேன். சுரங்கள் சரியாகவே விழுகின்றன. ஆனால் தாலாட்டாக ஒலிக்கவில்லை. எங்கே தவறுகிறது?

பதில்: சுரங்கள் அவ்வளவு சரியாக விழுவதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். தாலாட்டுப் பாடுபவர் ஒரு சுரத்தை விட்டு அடுத்ததற்குத் தாவுவதில்லை. இழைந்து, சற்றே அசைந்து போய்ச் சேருகிறார். அந்த இழைவை விசைப்பலகை தானாகத் தராது, நாம்தான் வரவழைக்க வேண்டும்.

அதற்கு உங்கள் கருவி ஏற்றதே. மினிமூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். தனிக்குரல் மெட்டுக்கு அது குறையே அன்று. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கீழ்ச்சுரம்தான் கேட்கும். முதல் விசையை விடாமல் அடுத்ததை அழுத்தும்போது ஒலி புதிதாகத் தொடங்குவதும் இல்லை. ஆகவே மேல்விசையை அழுத்தியபடியே கீழ்விசையை ஒரு கணம் தொட்டு எடுத்தால், ஒலி அறுபடாமல் கீழே இறங்கி மீளும். இத்துடன், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வைக்கும் கிளைடு குமிழைச் சிறிதளவு திருப்பி வைத்தால், தாலாட்டின் வளைவுகளில் பெரும்பகுதி விரலுக்கு வந்துவிடும். எஞ்சியதை இடக்கையால், சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் வீலில் பார்த்துக்கொள்ளலாம்.

விசையை ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் இக்கருவியில் ஒலியளவு மாறாது. குரல் தழையும் இடங்களில் ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டரின் கட்-ஆஃப் குமிழை மெல்லக் குறையுங்கள். ஒலி மங்கி அடங்கும். கை போதாவிட்டால் குமிழைத் திருப்ப மட்டும் இன்னொருவரை அருகில் அமர்த்திக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பதிவின் நடுவே சுருதி விலகுகிறது. கணினியில் திருத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். சுரத்தை எழுப்பும் ஆசிலேட்டர் சுற்றுகள் வெப்பத்துக்கேற்ப விலகக்கூடியவை. அரை மணி நேரம் முன்பே கருவியை இயக்கி வைத்து, ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் ஒரே ஆதார சுருதியோடு ஒப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆசிலேட்டர்களில் ஒன்று 440 ஹெர்ட்ஸிலும் மற்றது 441 ஹெர்ட்ஸிலும் நின்றால், நொடிக்கு ஒரு முறை ஒலியளவு ஏறி இறங்கும். பழைய கருவியை நாடுவதே இந்த அசைவுக்காகத்தான். திருத்தும் மென்பொருள் அதையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும்.

இயந்திரத்தின் சீரான தாளத் தட்டலுக்கு வாசிப்பதைவிட, யாரேனும் ஒருவரை மெட்டைப் பாட வைத்துப் பதிந்து, அந்தக் குரலைக் கேட்டபடி வாசிப்பதே மேல். பிறகு அக்குரலை நீக்கிவிடலாம். அக்காலத்து மினிமூக்கில் ஒலி அமைப்புகளைச் சேமிக்கும் வசதி கிடையாது என்பதால், எழுந்து போகுமுன் குமிழ்களின் நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.